சிங்கப்பூரின் சாலை மரங்களும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்



உங்களில் பலர் சிங்கப்பூர் போய் வந்தவர்களாக இருப்பீர்கள். தீபாவளிக்குச் சேலை எடுக்க, கல்யாணத்துக்கு நகை வாங்க, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்று ஏதாவது ஒரு காரணம் அமைந்துவிடுகிறது. அப்படிப் போய் வந்தவர்களை ஒன்று கேட்கிறேன். வழியில் எத்தனை மரங்களைப் பார்த்தீர்கள்?

"கடையைப் பார்க்கவே நேரம் போதவில்லை, மரத்தை யாரம்மா பார்த்தது?" என்பீர்கள். நானும் அண்மைக்காலம் வரை அப்படித்தான். என்னை மரம் பார்க்க வைத்தது எங்கள் பள்ளிக்கூட வாசலில் நடந்த ஒரு சம்பவம்.

எங்கள் பள்ளிக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. ஐந்தாறு பிள்ளைகள் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்றி வரமுடியும். மாலையானால் இலைகளை மடக்கிக்கொண்டு உறங்கிவிடும். அதனால்தான் மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்கிறார்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணீரைத் தொட்டபடி சாய்ந்து நிற்கின்றனவே, அதே இனம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் காற்றும் மழையுமாக அடித்ததில் அதன் கிளை ஒன்று முறிந்து சைக்கிள் கொட்டகையின் மேல் விழுந்தது. தகரம் நசுங்கியது. நான்கு சைக்கிள்கள் போயின. அன்று பள்ளி நாளாக இருந்திருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மறுவாரமே பேச்சு கிளம்பிவிட்டது. மரத்தை அடியோடு வெட்டிவிடலாம் என்றது தோட்ட நிர்வாகம். பெற்றோரில் பாதிப்பேர் அதுதான் சரி என்றார்கள். மீதிப்பேர், "எங்க அப்பா காலத்து மரம், அதில் கத்தியை வைக்காதீங்க" என்றார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, லயம் போச்சு, பால்மரம் போச்சு, செம்பனை வந்துச்சு. இந்த ஒரு மரந்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் மரம் உறுதியாக இருக்கிறதா, இல்லையா? அதை யார் சொல்வது? எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு என் பழைய மாணவன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். பால்வெட்டுக் குடும்பத்துப் பிள்ளை. படிப்பில் சுமார்தான், மரம் ஏறுவதில் மட்டும் முதல். டுரியான் காலத்தில் அவனைத் தேடிப் பிடிப்பதே எனக்குத் தனி வேலை. ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திவிட்டு ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் மரக்கிளை வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். எண் தேடிப் பேசினேன்.

"டீச்சர், போனில் கேட்டு மரத்தைப் பத்திச் சொல்லக் கூடாது. நான் வந்து பார்க்கிறேன். அதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க இங்க வாங்க. நான் என்ன வேலை செய்யிறேன்னு காட்டணும்" என்றான்.

போனேன். அந்த ஒரு நாளில் பார்த்ததையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் பதினேழு, பதினெட்டு வயதில் பிள்ளை இருந்தால் முழுவதையும் படியுங்கள்.

தேக்காவில் தேக்கு இல்லை

தேக்காச் சந்தை வாசலில் அவன் காத்திருந்தான். தேக்கு மரக்காடு இருந்ததால் தேக்கா என்று பெயர் வந்தது என நான் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். அது தவறாம்! ஹொக்கியன் சீனத்தில் சிறுமூங்கிலின் அடி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததே தேக்கா. ரோச்சோர் கால்வாய்க் கரையில் அந்தக் காலத்தில் மூங்கில் புதர்கள் இருந்தனவாம். பக்கத்திலேயே எருமைச் சாலை. மாட்டுக்கொட்டகைகள் நிறைந்திருந்த இடம் அது. மாடு வளர்க்கத் தண்ணீரும் புல்லும் வேண்டும். இரண்டும் இருந்ததால்தான் நம்மவர்கள் அங்கே கூடினார்கள். தெம்பனிஸ் என்ற பேட்டையின் பெயரும் ஒரு மரத்தின் பெயர்தான். மரம் போனாலும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சிராங்கூன் சாலைக் கடைவரிசையில் மரம் குறைவு. ஐந்தடி நடைபாதைதான் அங்கே நிழல். மாவிலையும் வேப்பிலையும் கடையில் கட்டுக்கட்டாக விற்கின்றன. ஆனால் அந்த நெரிசலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் சாலையின் இருபுறமும் மரம், நடுத்திட்டில் மரம், வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு வண்டிக்கு நடுவில் மரம், மேம்பாலத்தில் கொடி. ஒரு பூங்காவில் வேப்பமரத்தைக் கண்டதும் பழக்கத்தில் கை நீட்டினேன். "டீச்சர், பறிக்காதீங்க! இங்க அது குத்தம்" என்று பதறிப்போய்த் தடுத்தான். வகுப்பில் நான் அவனை அதட்டிய கணக்கெல்லாம் அன்றோடு தீர்ந்தது.

இந்தப் பச்சை எல்லாம் தானாக முளைத்ததென்று எண்ணிவிடாதீர்கள். 1963 ஜூன் 16ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, ஃபேரர் சர்க்கஸ் என்ற இடத்தில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு இயக்கத்தைத் தொடங்கினார். (தேக்கா பக்கத்திலிருக்கும் ஃபேரர் பார்க் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1967இல் சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்குவோம் என்று அறிவித்தார்கள். 1971 நவம்பர் 7ஆம் தேதி முதல் மரம் நடும் நாள். அன்று தற்காலிகப் பிரதமராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீ, ஃபேபர் மலை உச்சியில் நட்டது என்ன மரம் தெரியுமா? நம் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சியேதான்! தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம், இன்று அந்தத் தீவின் சாலைகளுக்கே குடையாகிவிட்டது. நவம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அது மழைக்காலம், நட்ட கன்றுக்கு வாளி தூக்கித் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1975இல் பூங்கா, மரச் சட்டம் வந்தது. 1990இல் தேசியப் பூங்காக் கழகம் அமைந்தது. 1991 முதல், குறிக்கப்பட்ட இரண்டு பாதுகாப்பு வட்டாரங்களில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை, அது சொந்த நிலத்தில் நின்றாலும், அனுமதியின்றி வெட்ட முடியாது. 2001இல் மரபுடைமை மரங்கள் என்று ஒரு பட்டியல் தொடங்கி, வயதும் பெருமையும் உள்ள மரங்களுக்குப் பெயர்ப்பலகையும் இடிதாங்கியும் வைக்கிறார்கள். 2020இல் பத்தாண்டுகளில் 10 லட்சம் மரம் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 2018 முதல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றி, எந்த மரம் எங்கே நிற்கிறது, என்ன இனம் என்று யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் மனிதர் சிலருக்கே இன்னும் அடையாள ஆவணம் கிடைக்கவில்லை. அங்கே மரத்துக்குப் பதிவு இருக்கிறது!

ரப்பரின் பிறந்த வீடு

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் பூமலை. தாவரவியல் தோட்டத்தை நம்மவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 1859இல் தொடங்கிய தோட்டம். 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்கவேண்டும்.

வாசகர்களே, நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றியது எது? ரப்பர். அந்த ரப்பர் இந்தப் பக்கம் வந்து வேர்விட்ட இடம் இதுதான். பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சில இங்கே நடப்பட்டன. சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. 1888இல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, "இதை நடுங்கள், இதை நடுங்கள்" என்று காப்பித் தோட்டத்துக்காரர்களிடம் நச்சரித்தார். சட்டைப் பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு திரிவார் என்று சொல்வார்கள். கிறுக்கு ரிட்லி என்று கேலி செய்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர்தான் முதலில் துணிந்து தோட்டமாக நட்டார். மற்றதெல்லாம் நம் குடும்பக் கதை.

ரிட்லி செய்த பெரிய காரியம் விதை கொடுத்தது மட்டுமல்ல. அதற்கு முன் பால் எடுக்க மரத்தைக் கண்டபடி கொத்துவார்கள், மரம் செத்துப்போகும். அவர்தான் பட்டையை மட்டும் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் பால் கூடும், மரமும் பிழைக்கும் என்று சோதித்துக் காட்டினார். அங்கே ஒரு சிறு காட்சிக்கூடத்தில் ரப்பரின் கதையை வைத்திருக்கிறார்கள். பால்வெட்டுக் கருவிகளைப் பார்த்ததும் என் மாணவன் கொஞ்சநேரம் பேசவில்லை. "அம்மா கையில இருந்ததுதானே டீச்சர்" என்றான். அவன் தாயார் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

பிறகு டாங்ளின் வாசல் பக்கம் கூட்டிப்போய் ஒரு தெம்புசு மரத்தைக் காட்டினான். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கிறதே, அந்த மரம்தான். தோட்டத்தை விடவும் வயது கூடியது என்கிறார்கள். ஒரு கிளை தரைக்குச் சமமாக நீண்டு கிடக்கிறது. சுற்றிலும் வேலி போட்டிருந்தார்கள்.

"வேலி எதுக்குப்பா?"

"வேர் மேல நடந்து நடந்து மண்ணு இறுகிப் போயிடும் டீச்சர். மண்ணு இறுகினா காத்து போகாது. மேல பச்சையா இருக்கும், கீழ மூச்சு முட்டும்."

இதே தோட்டத்தில் 2017 பிப்ரவரி 11ஆம் தேதி இன்னொரு தெம்புசு விழுந்தது. 40 மீட்டர் உயரம். 270 ஆண்டுக்கு மேற்பட்ட வயது. மரபுடைமைப் பட்டியலில் இருந்த மரம். ஒரு பெண்மணி இறந்தார், நால்வர் காயப்பட்டனர். அவ்வளவு கவனிப்பு உள்ள ஊரிலேயே அப்படி நடந்தது. அவன் அதைச் சொன்னபோது எனக்கு எங்கள் சைக்கிள் கொட்டகை கண்முன் வந்து நின்றது.

மர வைத்தியர்

மரத்தைச் சோதித்துச் சொல்பவரை ஆர்பரிஸ்ட் என்கிறார்கள். நான் மர வைத்தியர் என்று பெயர் வைத்துக்கொண்டேன். மனித வைத்தியர் போலவே முதலில் கண்ணால் பார்க்கிறார்: இலை மெலிந்திருக்கிறதா, உச்சி காய்ந்திருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, மண் வெடித்து வேர் தூக்கியிருக்கிறதா, மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? அடுத்து ரப்பர்ச் சுத்தியலால் தட்டிக் கேட்கிறார். கெட்டியான மரம் ஒரு சத்தம், பொந்து விழுந்த மரம் வேறு சத்தம். பலாப்பழம் தட்டிப் பார்ப்பது போலத்தான். சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசித் துளைப்பான் உண்டு. ஒலியைச் செலுத்தி உள்ளே அழுகல் எவ்வளவு என்று படம் காட்டும் கருவியும் உண்டு.

இனி, நம் பால்வெட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அலெக்ஸ் ஷைகோ என்று ஓர் அமெரிக்க விஞ்ஞானி. ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தார். 1970களில் அவர் சொன்ன உண்மை இது: மரத்துக்குப் பட்ட காயம் மனிதத் தோல் போல ஆறுவதில்லை. அழுகல் பரவாமல் மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி, அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. மேலே புதுக் கட்டை வளர்ந்து மூடிக்கொள்கிறது. உள்ளே போன பகுதி போனதுதான். ஆகவே கிளையை எங்கே வெட்டுகிறோம் என்பதே எல்லாம். கிளை தாய்மரத்தோடு சேருமிடத்தில் ஒரு வீங்கிய வளையம் இருக்கும். அந்த வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டவேண்டும். அடியோடு ஒட்டி வழித்தால் சுவர் எழுப்பும் இடமே போய்விடும். நீளமாகக் குச்சி விட்டாலும் அழுகும். வெட்டின வாயில் தார் பூசுவது நம் ஊர்ப் பழக்கம். அது அழுகலைத் தடுப்பதில்லை என்று அவர் காட்டிவிட்டார். பெரிய கிளையை ஒரே வெட்டில் சாய்க்கவும் கூடாது. முதலில் கொஞ்சம் தள்ளிக் கீழிருந்து ஒரு வெட்டு, பிறகு அதற்கும் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. கிளையின் பாரம் இறங்கியபின் மிஞ்சியதை வளையத்தருகே அறுக்கவேண்டும். இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

இதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது நம்மவர்களுக்குத் தெரிந்ததுதானே! கத்தி கொஞ்சம் ஆழமாய்ப் போனால் கங்காணி ஏசுவாரே, எதற்கு? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளர்தோல் இருக்கிறது; அதைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை சரியாக வராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையை விட்டு, விடியுமுன்னே தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி வந்த கைகள் நம் தாய்மார்களுடையவை. அந்தக் கைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார் உண்டா? இல்லை. அந்த அறிவு காகிதத்தில் ஏறாததால், தோட்டம் கைமாறியபோது அதுவும் சேர்ந்து போயிற்று. என் மாணவன் சொன்னான்: "வெட்டு வைக்கிறதைப் பத்தி எங்க பயிற்சியாளர் ஒரு மணி நேரம் விளக்கினார் டீச்சர். எனக்கு அஞ்சு நிமிஷத்தில் புரிஞ்சிருச்சு. ஆனா பரீட்சைக் கேள்வித்தாள் புரியல."

எங்கே, எப்படிப் படிக்கலாம்?

அவன் முதல் தடவை தேறவில்லை. காரணம் மரமல்ல, மொழி. மேலே ஏறுகிறவனுக்கும் கீழே நின்று தாளில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் சம்பளத்தில் உள்ள தூரம் அந்த ஒரு தாள்தான். எட்டு மாதம் வேலை முடிந்து வந்து, இரவில் அகராதியை வைத்துக்கொண்டு மறுபடி படித்தான். இரண்டாம் தடவை தேறிவிட்டான். ஆகவே, பிள்ளைகளே, ஆங்கிலத்தையும் மலாயையும் விட்டுவிடாதீர்கள். தமிழ் டீச்சரே இப்படிச் சொல்கிறாரே என்று சிரிக்கவும் வேண்டாம்.

அவன் எழுதியது பன்னாட்டு மரப்பராமரிப்புச் சங்கம் நடத்தும் தேர்வு. ஐ.எஸ்.ஏ. என்பார்கள். 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம். தேர்வு எழுத இத்துறையில் மூன்றாண்டு வேலை அனுபவம் வேண்டும். சம்பந்தப்பட்ட படிப்பு இருந்தால் அனுபவத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. மரத்தின் உடற்கூறு, மண், கிளை வெட்டு, நோய், ஆபத்துக் கணிப்பு, பாதுகாப்பாக வேலை செய்தல், நகர வனவியல் எல்லாம் பாடம். தேறியபின்னும் சும்மா இருக்க முடியாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, மேலும் படித்ததற்கான புள்ளிகளைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும்.

சிங்கப்பூரில் 2007இல் தேசியப் பூங்காக் கழகம் நகரப் பசுமைக்கென்றே ஒரு பயிற்சி மையத்தை ஏற்படுத்தியது. செடி நடுவது, கத்தரிப்பது, மரம் ஏறுவது, சங்கிலி வாள் பிடிப்பது, மரத்தைச் சோதிப்பது என்று படிப்படியாகப் பாடங்கள் உண்டு. நிலவனப்புத் துறையில் உள்ளூர்த் தொழிலாளிக்கு 2016 முதல் படிமுறைச் சம்பளத் திட்டம் நடப்பில் இருக்கிறது. பயிற்சி ஏற ஏறச் சம்பளமும் ஏறவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். என் மாணவன் போல எல்லை கடந்து போகிறவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வந்து வெயிலில் புல் வெட்டும் தம்பிமார்களுக்கும் அந்த ஏணி இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் நாட்டில் இல்லையா? இருக்கிறது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தைத் தெரியாத ஆசிரியர் இருக்கமாட்டார். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற இடம். ஆனால் அந்தக் காடு மனிதர் நட்ட காடு என்பது எத்தனைபேருக்குத் தெரியும்? ஈயம் தோண்டிப் பாழாய்ப்போட்ட மண்ணில் 1920களில் நட்டு வளர்த்தது! 2025 ஜூலையில் அதுவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. நகர மரங்களைப் பற்றிய ஆராய்ச்சியும் பயிற்சியும் அங்கே உண்டு. மலேசிய ஆர்பரிஸ்டுகளுக்குத் தனிச் சங்கமும் இருக்கிறது. பல ஆண்டு வேலை செய்தும் தாள் இல்லாதவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். மலேசியத் திறன் சான்றிதழை, அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டியே பெறும் வழி ஒன்றை மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வைத்திருக்கிறது. உங்கள் வேலைக்கு அது பொருந்துமா என்று அந்த அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு ஒரு சேதி. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே 2005 முதல் சமூகத் தோட்டங்கள் வந்துவிட்டன. இன்று 1,500க்கும் மேல் இருக்கின்றன. நான் பார்த்த ஒன்றில் முருங்கை, கறிவேப்பிலை, பண்டான், செம்பருத்தி எல்லாம் ஒரே வேலிக்குள். தமிழ்ப் பாட்டி ஒருவரும் சீன அம்மா ஒருவரும் ஆளுக்கொரு தண்ணீர்ப் பூவாளி. இருவருக்கும் பொதுவாகச் சந்தை மலாய்தான். அதிலேயே உரத்தைப் பற்றி ஒரு சண்டையும் நடந்தது!

சட்டம் ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் மரப் பாதுகாப்பைச் சேர்த்தார்கள். அதன்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை உள்ளாட்சியின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. செத்த மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எங்கள் மரம் இந்த இரண்டில் எதில் சேரும் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

மறு ஞாயிறு

சொன்னபடி வந்தான். தலைக்கவசம், கயிறு, சுத்தியல், ஒரு நீண்ட இரும்புக் கம்பி. தோட்டமே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. மரத்தைச் சுற்றி மூன்று தடவை வந்தான். மேலே ஏறினான். இறங்கி, தட்டிக்கொண்டே வந்தவன், கால்வாய்ப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டான். மறுபடி தட்டினான். எனக்கே வித்தியாசம் கேட்டது. அடியில் பழைய இலைகளை விலக்கினால், தட்டு மாதிரி இரண்டு காளான்கள். கம்பியை வேர்ச் சந்தில் நுழைத்தான். முழங்கை நீளத்துக்கு இறங்கிற்று.

"இங்க எப்ப டீச்சர் கால்வாய் வெட்டினாங்க?"

பத்து, பன்னிரண்டு ஆண்டு இருக்கும். இயந்திரம் வைத்து ஒரே நாளில் வெட்டினார்கள். வெள்ளம் நின்றது, எல்லாரும் மகிழ்ந்தோம். அந்தப் பக்கத்து வேர்கள் அன்றே அறுந்துவிட்டன. அறுந்த வாய் வழியாக அழுகல் ஏறி, இத்தனை ஆண்டும் உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு வந்திருக்கிறது. மேலே மரம் பச்சையாகப் பூத்துக் குலுங்கியது. அது சாய்ந்தால் விழும் பக்கம் பாலர் வகுப்பு.

நல்ல மரம், பயப்படவேண்டாம் என்று சொல்வான் என எதிர்பார்த்துத்தான் நான் அவனை அழைத்தேன். உங்களிடம் மறைப்பானேன்? அவன் அப்படிச் சொல்லவில்லை. "கிளையைக் குறைச்சா கொஞ்ச நாள் தாங்கும். ஆனா பிள்ளைங்க பக்கத்தில் இருக்கிறப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன் டீச்சர்" என்றான். அந்தப் பெரியவர் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். அவன் அவரிடம் போய், அவர் கையைப் பிடித்து மரத்தின் மேல் வைத்து, தட்டிக் காட்டினான். கெட்டியான பக்கம் ஒன்று, பொந்துப் பக்கம் ஒன்று. பெரியவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, "சரிப்பா" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

பாலர் வகுப்பை அன்றே பின்கட்டடத்துக்கு மாற்றினோம். அவன் எழுதித் தந்த இரண்டு பக்க அறிக்கையைப் பார்த்து, ஒலிக்கருவி உள்ளவர்களை நிர்வாகம் வரவழைத்தது. முடிவு அதேதான். பள்ளி விடுமுறையில் மரத்தைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கினார்கள். ஓர் ஓடுகூட உடையவில்லை. அடித்துண்டில் ஒரு வட்டப் பலகையை எங்களுக்கு விட்டுவைத்தார்கள். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் வளையங்களை எண்ணி 41 என்றும் 44 என்றும் சண்டையிட்டார்கள். நம் ஊரில் பனிக்காலம் இல்லாததால் வளையக் கணக்கை அப்படியே நம்பமுடியாது என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் கேட்பதாக இல்லை.

கால்வாயிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒரு புன்னையும் ஓர் இயல்வாகையும் நட்டிருக்கிறோம். இடத்தை அளந்து குறித்தவன் அவன்தான். குச்சியை இறுக்கிக் கட்டாதீர்கள், மரம் காற்றில் ஆடித்தான் அடி பருக்கும் என்று சொல்லிப் போனான். தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியல் ஐந்தாம் வகுப்புச் சுவரில் தொங்குகிறது. திங்கட்கிழமை அந்தப் பெரியவரின் பேத்தியின் முறை; தாத்தாவும் கூடவே வந்துவிடுகிறார்.